நிழற்படமும் விரைவும்

பழைய நிழற்படம் ஒன்றை நோக்குவோர் பெரும்பாலும் கூறும் சொல் ஒன்றுண்டு. "அக்காலத்தவர் எத்துணை அடக்கமும் அமைதியும் உடையவராய் வாழ்ந்தனர்!" என்பதே அது. பாட்டனாரும் பாட்டியாரும் முறுவலின்றி, இமை கொட்டாது, கற்சிலை போல் வீற்றிருக்கின்றனர். தெருக்களோ ஆளரவமற்றுக் கிடக்கின்றன. கோயில் வாயில்களில் ஒரு பூக்காரியும் இல்லை. ஒரு பிச்சைக்காரனும் இல்லை. இவற்றைக் கண்டு முன்னோர்தம் குணத்தையும் ஊர்களின் அன்றைய நிலையையும் ஊகிக்கத் தலைப்படுகின்றோம். அவ்வூகம் பெரும்பாலும் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு. பழைய படம் காட்டும் அமைதி மக்களுடைய அமைதியன்று; அஃது அப்படம் எடுக்கப் பயன்பட்ட தகட்டின் மந்தம். விரைந்து அசைந்தது எதுவோ, அதுவே படத்தினின்றும் விடுபட்டது. தமிழ்நாட்டின் பழம் படங்களும், புதுவை நகரமும், அதனைச் சார்ந்த கருவடிக்குப்பமும் இதற்கு ஏற்ற சான்றுகளை நமக்கு அளிக்கின்றன.

நிழற்படக்கலை உலகறிய வெளிப்பட்டது 1839-ஆம் ஆண்டில். அதற்கு முந்திய ஆண்டில், பிரெஞ்சு நாட்டு தாகேர் என்பார் பாரிசு நகரத்துப் பெருந்தெரு ஒன்றைத் தம் மாடிச் சாளரத்திலிருந்து படம் பிடித்தார். வண்டியும் குதிரையும் மக்களும் நெருங்கி வழங்கிய தெரு அது. எனினும் படத்தில் அத்தெரு வெறிச்சோடித் தோன்றுகின்றது. என்னை? ஒளி தகட்டிற் பதிவதற்குச் சில நிமிடங்கள் வேண்டியிருந்தன. அந்நிமிடங்களுக்குள் வந்தவரும் போனவரும் தம் சுவடும் வையாது மறைந்தனர். ஒரு மூலையில் மட்டும் ஒரு மனிதரின் உருவம் பதிந்துள்ளது. தம் காலணிக்கு மெருகு இடுவித்துக்கொண்டு அவர் ஓரிடத்தே நின்றமையே அதற்குக் காரணம். நிழற்படத்திற் காணப்படும் மனித உருவங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். மெருகிட்ட தொழிலாளியோ, கை ஓயாது அசைந்தமையால், தெளிவின்றி மங்கிக் கிடக்கின்றார். நின்றவர் பதிந்தார், உழைத்தவர் மங்கினார். இவ்வொரு படத்திலேயே பழைய நிழற்படத்தின் இயல்பு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக 1856-ஆம் ஆண்டில் அமர்த்தப்பெற்ற இலினேயஸ் திரைப் என்னும் படைத்தலைவர், மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய இடங்களுக்குச் சென்று எடுத்த படங்கள் 1858-ஆம் ஆண்டில் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் அடிமட்டத்துக் கல்வெட்டுக்களை அவர் 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கிய திறம் இன்றும் வியக்கத்தக்கது. கல்லையும் எழுத்தையும் அவர் தாள்கள் நுணுக்கமாகப் பற்றிக்கொண்டன, கல் அசையாதன்றோ? ஆயின் மெழுகூட்டிய அத்தாள்களுக்கு நிமிடக் கணக்கில் ஒளி வேண்டியிருந்தது. ஆதலால் மதுரையின் கோபுரங்கள் நிமிர்ந்து நிற்க, அவற்றின் அடியில் அல்லும் பகலும் திரியும் மக்கட்கூட்டம் பெரும்பாலும் இல்லாதொழிந்தது. மற்றொன்றும் கருதற்பாலது. வானத்து மேகங்களும் அத்தாள்களிற் பதியவில்லை. வானம் வெறும் வெள்ளையாகவே வந்தது. திரைப் தம் கையாலேயே வண்ணந்தீட்டி மேகங்களையும் இலைத்தொகுதிகளையும் பல தாள்களிற் சேர்த்தார். மேகத்தைச் சேர்க்க முயன்றார். மக்களைச் சேர்க்க முயன்றாரல்லர். 1858-இல் மதுரை எவ்வாறு இருந்தது என்று அப்படங்களைக் கொண்டு கூற முற்படும் மாணவர் எவரும் இதனை மறத்தலாகாது. கோயிலைப்பற்றி அவை கூறுவது மெய். ஊரைப்பற்றி அவை கூறுவது அரைமெய்.

தகட்டின் வேகம் படிப்படியாகவே வளர்ந்தது. 1851-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆர்ச்சர் என்பார் கண்டறிந்த கொலோடியன் முறையால் நிமிடங்கள் விநாடிகளாகக் குறைந்தன. ஆயினும் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அஃது ஈரம் புலருமுன் படமெடுத்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் ஈரம் எத்துணை விரைவிற் புலரும் என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. படமெடுப்போர் இருட்கூடாரத்தையும் மருந்துப் புட்டிகளையும் சுமந்து திரிய நேர்ந்தது. 1871-இல் மேடக்ஸ் என்னும் மருத்துவர் செலட்டின் பூசிய உலர்தகட்டிற்கு வழி காட்டினார். அத்தசாப்தத்தின் முடிவிற்குள் அவ்வகைத் தகடுகள் கடைகளில் விற்பனைக்கு வந்தன. அப்பொழுதுதான் விநாடியின் சிறு பகுதியிற் படமெடுத்தல் எல்லார்க்கும் எளிதாயிற்று. ஆகவே, ஒரு பழைய படம் கையில் வந்ததும், "இஃது எந்த ஆண்டினது?" என்று வினவுவதோடு அமையாது, "இஃது எவ்வகைத் தகட்டில், எத்தனை நொடியில் எடுக்கப்பெற்றது?" என்றும் வினவுதல் வேண்டும். முன்னது வரலாற்றின் வினா. பின்னது நடுநிலையின் வினா.

கணத்தைப் பிடிக்க வேண்டும் என்னும் வேட்கை வெறும் வேடிக்கையாற் பிறந்ததன்று. அதன் வரலாற்றில் புதுவைக்கும் ஓரிடம் உண்டு. வெள்ளிக்கோள் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்லும் அரிய நிகழ்ச்சியைக் கணித்து, அதனால் ஞாயிற்றின் தொலைவை அளக்க 18-ஆம் நூற்றாண்டின் வானநூலார் முயன்றனர். அதன்பொருட்டுப் பிரெஞ்சு நாட்டு லெ ழாந்தி என்பார் புதுவைக்கு வந்து, ஓராண்டிற்கு மேலாகக் கருவிகளை அமைத்துக் காத்திருந்தார். 1769-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாட்காலையில், அந்நிகழ்ச்சி நேர்ந்த பொழுதில் மேகம் மூடிற்று. அது முடிந்தபின் வானம் தெளிந்தது! அவருக்கு மேகம் பகையாயிற்று. தெளிந்த வானைப் பெற்ற பிறர்க்கோ தம் கண்ணே பகையாயிற்று. வெள்ளி ஞாயிற்றின் விளிம்பைத் தொடும் கணத்தில் அவ்விரண்டிற்கும் இடையே கருந்துளி போன்றதொரு தோற்றம் உண்டாகும். அதனால் அருகருகே நின்று நோக்கியவர்களும் வெவ்வேறு விநாடிகளைக் குறித்தனர். கணத்தைக் காணக் கண் போதாது என்பது தெளிவாயிற்று.

இக்குறையை நீக்க முன்வந்தவர் ழான்சென் என்னும் மற்றொரு பிரெஞ்சு வானநூலார். 1868-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை, அன்று சென்னை மாகாணத்தைச் சார்ந்திருந்த குண்டூரிலிருந்து ஆராய்ந்து புகழ் பெற்றவர் அவர். அடுத்து வெள்ளிக்கோள் கடந்த 1874-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாளன்று, தாம் வகுத்த சுழல் காமரா ஒன்றை ஜப்பான் நாட்டிற் பயன்படுத்தினார். 72 விநாடிகளில் 48 படங்களை வட்டத் தகடொன்றின் விளிம்பில் வரிசையாகப் பதிக்கவல்லது அக்கருவி. கண் தவறவிட்ட கணத்தை இயந்திரம் எண்ணி எண்ணிப் பதிக்கத் தொடங்கியது அதுமுதல் எனலாம். அதனைப் பின்பற்றியே மாரே என்னும் உடலியல் அறிஞர் 1882-இல் துப்பாக்கி வடிவிலான காமரா ஒன்றைச் செய்து, விநாடிக்கு 12 படங்களாகப் பறவையின் பறத்தலைப் பதித்தார். இன்று நாம் காணும் திரைப்படம் இவ்வழியில் வந்த கிளைகளுள் ஒன்றே.

இவ்விரண்டிற்கும் இடையில், 1878-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பார் செய்த சோதனை உலகறிந்தது. ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருசேர நிலத்தை விட்டு எழுமோ எழாவோ என்பது அன்றைய வழக்கு. அவர் ஓடுதளத்தின் ஓரத்தில் 27 அங்குல இடைவெளியிற் காமராக்களை வரிசையாக நிறுத்தி, எதிரே வெண்டிரை கட்டி, குதிரை தன் ஓட்டத்தில் இழைகளை அறுக்குந்தோறும் ஒவ்வொரு காமராவும் தானே இயங்குமாறு அமைத்தார். கால்கள் நான்கும் எழுவது மெய்யெனத் தெரிந்தது. ஆயின் ஓவியர் காலங்காலமாகத் தீட்டியபடி முன்காலும் பின்காலும் நீண்டு விரிந்திருக்கும் பொழுதில் அன்று. அவை வயிற்றின் கீழ் மடங்கிக் கூடும் பொழுதிலேயே. எத்தனையோ நூற்றாண்டுகளாக நாள்தோறும் குதிரையைக் கண்டும் ஏறியும் பழகிய மனிதர் காணாத ஒன்றைத் தகடு கண்டது. கண்ணே கண்ட சாட்சி என்று செருக்குறும் நமக்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

இங்கு ஒரு தடை எழும். அதனை எழுப்பியவர் சிறியரல்லர். பிரெஞ்சுச் சிற்பி ரோதென், 1911-ஆம் ஆண்டில் வெளிவந்த உரையாடல் நூலொன்றில், பொய்ப்பது நிழற்படமே, மெய்ம்மை உரைப்பவன் கலைஞனே என்னும் கருத்தை வற்புறுத்தினார். உலகிற் காலம் ஒருபோதும் நிற்பதில்லை. நின்றதுபோற் காட்டும் படம் எவ்வாறு மெய்யாகும் என்பது அவர் வினா. நிழற்படத்தில் நடப்பவன் வாதநோயால் விறைத்தவன் போல் ஒற்றைக்காலில் நிற்கின்றான். ஓவியத்தில் நடப்பவனோ உண்மையில் நடக்கின்றான் என்றார். அவரே சென்னை அரும்பொருட்காட்சிச் சாலையிலுள்ள நடராசர் செப்புத்திருமேனிகளை நிழற்பட வாயிலாகக் கண்டு, அவற்றின் அசைவழகை வியந்து ஒரு கட்டுரை வரைந்தார். அஃது அவர் மறைந்தபின் 1921-இல் வெளிவந்தது. அசையாச் செம்பில் ஆடலைக் கண்டார் அவர். அதனை அவர்க்குக் கொண்டு சேர்த்ததோ அவர் பழித்த நிழற்படமே என்பது நினைத்து மகிழற்குரியது.

ரோதெனின் தடையில் உண்மை இல்லாமலில்லை. நம் சிற்பி நடராசரின் விரிந்த சடையிலும், தூக்கிய திருவடியிலும், மிதித்த திருவடியிலும் பல கணங்களை ஒன்றாகத் திரட்டி வைத்தான். நிழற்படம் பல கணங்களுள் ஒன்றை அறுத்து வைக்கின்றது. ஒன்று அசைவை நாம் துய்க்கும் வகை. மற்றொன்று அசைவை நாம் ஆராயும் வகை. இவற்றுள் ஒன்றனைக் கொண்டு மற்றொன்றனைப் பழித்தல் அளவுகோலைக் கொண்டு யாழைப் பழித்தல் போலாகும். ஆயினும் வரலாற்றின் மன்றத்தில் சாட்சி கூற வருவது நிழற்படமேயாதலின், அச்சாட்சி தன் ஆற்றலையும் ஆற்றாமையையும் முதற்கண் ஒப்புக்கொள்ளல் வேண்டும். தான் எத்தனை நொடி விழித்திருந்தது என்பதை அது மறைக்குமாயின், அப்பொழுதே ரோதென் கூற்று மெய்யாகிவிடும்.

இனி, கருவடிக்குப்பத்திற்கு வருவோம். புதுவையைச் சார்ந்த அவ்வூரின் சித்தானந்த சுவாமிகள் கோயிலும், குயில்தோப்பு என வழங்கும் சோலையும் சுப்பிரமணிய பாரதியார் பெயரோடு பிணைந்தவை. குயிற்பாட்டிற் கூறப்பெறும் மாஞ்சோலை இதுவே என்பது வழிவழி வந்த செய்தி. 1908 முதல் 1918 வரை பத்தாண்டுகள் அவர் புதுவையில் வாழ்ந்தார். அவருடன் பழகிய வ. ரா., யதுகிரி அம்மாள் முதலியோர் எழுதிய நினைவு நூல்களிற் காணப்படும் பாரதியார், நிமிர்ந்து நடப்பவர், உரக்கப் பாடுபவர், ஒரு கணம் சினந்து மறுகணம் சிரிப்பவர். ஆயின் நமக்குக் கிடைத்துள்ள அவர் படங்களோ மிகச் சில. ஐந்தே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அவற்றுள் புதுவையில் எடுத்தவையும் உள. பின்னர்க் காரைக்குடியிலும் சென்னையிலும் எடுத்தவையும் உள. அவற்றில் நாம் காண்பவர் ஊன்றிய பார்வையும் இறுகிய வாயும் உடையவர். நாடெங்கும் சுவர்களிலும் நூல்களிலும் வரையப்பெறும் பாரதியார் உருவம் அப்படங்களிலிருந்தே பிறந்தது. பாடிய பாரதியாரும் நடந்த பாரதியாரும் எங்கும் பதியவில்லை. அவர் குரலும் பதியவில்லை.

இதற்குத் தகட்டின் மந்தத்தைக் காரணங்காட்ட இயலுமோ? இயலாது. இதுவே நாம் கருத வேண்டிய இடம். பாரதியார் புதுவையில் வாழ்ந்த காலத்திலேயே உலர்தகடு வந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சுருட்படம் பொருத்திய கொடாக் காமரா 1888-ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. சிரிக்கும் முகத்தையும் நடக்கும் காலையும் பதித்தல் அன்று இயல்வதே. ஆயினும் நிழற்படம் எடுத்துக்கொள்ளல் என்றால் அசையாது அமர்தல் என்னும் வழக்கம் மக்கள் மனத்திற் பதிந்துவிட்டது. முற்காலத்தில் ஸ்டூடியோக்களில் தலை அசையாதிருத்தற்பொருட்டுப் பிடரியின் பின்னே இரும்புத் தாங்கி ஒன்றை நிறுத்துவர். அவ்விரும்பு போயிற்று, அதன் அச்சம் போகவில்லை. காரணம் ஒழிந்த பின்னும் காரியம் நிலைத்து நிற்றல் மனித வழக்கங்களின் இயல்பு. அவ்வழக்கத்தாலேயே ஒரு மகாகவியின் துள்ளும் நடையை நாம் இழந்தோம்.

இயன்றபோது என்ன செய்யலாம் என்பதற்கும் புதுவையே சான்று. 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கார்த்தியே பிரெசோன் என்னும் பிரெஞ்சு நிழற்படக் கலைஞர் சிறு காமராவுடன் புதுவைக்கு வந்தார். பறந்து மறையும் கணத்தைப் பற்றுவதிற் பெயர் பெற்றவர் அவர். நாற்காலியில் அசைவின்றி வீற்றிருந்த அரவிந்தரை அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார். சில திங்கள் தாழ்த்திருப்பின் அப்படங்கள் இல்லை. கணம் என்பது குதிரையின் காலில் மட்டும் இல்லை. அமர்ந்திருப்பவர் வாழ்நாளிலும் உண்டு.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும், மைபிரிட்ஜ் கனவிலும் காணாத விரைவுடைய காமரா கைப்பேசியினுள் அடங்கிக் கிடக்கின்றது. ஆயின் நாம் அதனாற் செய்வது யாது? இன்னும் வரிசையாக நின்று, மூச்சையடக்கி, "எடுத்தாயிற்றா?" என்று வினவுகின்றோம். இரும்புத் தாங்கி நம் பிடரியில் இன்னும் இருக்கின்றது போலும்! இம்மலரின் பழைய இதழ்களைப் புரட்டினும் இதுவே காட்சி: மேசைப்பந்தயக் குழுவினர் கைகட்டி நிற்பர், ஓட்டப்பந்தய வீரர் நாற்காலியில் அமர்ந்திருப்பர், நாடகக் குழுவினர் வாய்மூடி இருப்பர். ஓடியது எவர், ஆடியது எவர் என்பதைப் பெயர்ப்பட்டியலாலன்றி அறிதற்கியலாது. அவர்களாவது பெயருடன் நிற்கின்றனர். விடுதியிற் சோறு வடித்தவரும், ஆய்வுக்கூடத்திற் கண்ணாடிக் குழல்களைக் கழுவியவரும், தோட்டத்திற்கு நீரிறைத்தவரும், மணி அடித்தவரும் எந்த வரிசையிலும் இல்லை. பாரிசுத் தெருவில் மெருகிட்டவர் மங்கியதற்குத் தகடு காரணம். இவர்கள் மங்கியதற்கு நாமே காரணம்.

புதுவையில் 1955-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் திரட்டிப் பாதுகாக்கும் அரும்பணியை மேற்கொண்டனர். அவ்வாறு பேணப்பெறும் படங்களை நாளை ஆராய்வோர், இந்நாட்டு மக்கள் அமர்ந்திருந்ததை நன்கு அறிவர். அவர்கள் உழைத்ததையும் சிரித்ததையும் அறிதற்கு ஏதேனும் வைப்போமா என்பதே கேள்வி. ஆதலின் மாணவ நண்பர்கட்கும், பழைய மாணவர்கட்கும், ஆசிரியப் பெருமக்கட்கும் கூறத்தக்கது மூன்று. முதலாவது, வீட்டிலுள்ள பழம் படங்களின் பின்புறத்தில் ஆண்டும் இடமும் பெயரும் எழுதுக. கூறவல்ல முதியோர் உள்ளபொழுதே எழுதுக. இரண்டாவது, அவற்றைக் கண்டு முன்னோர் நகையறியாதவர் என்று தீர்ப்புக் கூறற்க. மூன்றாவது, இம்மலரில் ஆண்டுதோறும் ஒரு பக்கமேனும் வேலை செய்வாரை வேலை செய்யும் நிலையிலேயே காட்டும் படங்களுக்கு ஒதுக்கப்படுக. அவர்தம் இசைவு பெற்று, அவர்தம் பெயருடன் அவை வெளிவருக. அடுப்பின் புகை படத்தைச் சிறிது மறைப்பினும் மறைக்க. கரண்டி பிடித்த கை சிறிது மங்கினும் மங்குக. ஐம்பது ஆண்டு கழித்து அப்பக்கத்தைக் காணும் மாணவன், கல்லூரியின் கட்டடத்தை மட்டுமன்று, அதனைத் தாங்கிய கைகளையும் காண்பானாக.